மேடையில் அணியும் இயர் மானிட்டர்: வெளி ஓசையும் அடங்க வேண்டும், காதும் வலிக்கக் கூடாது

நெல்லைக்குரல்:

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் ஒன்பது ஆண்டுகளாகப் பாடி வருகிறேன். கோயில் கொடையும் திருமண வரவேற்பும்தான் எங்களுக்குப் பெரும்பாலும் அமைகின்றன. கொடைக் கச்சேரி என்றால் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. மேடையோ இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அளவுதான். டிரம்ஸ் எனக்கு வலப்புறம், கையெட்டும் தொலைவில் இருக்கும். காலடியில் வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் என் குரல் எனக்கே கேட்பதில்லை. கொஞ்சம் கூட்டச் சொன்னால் மைக் ஊளையிடத் தொடங்கிவிடுகிறது.

ஆகவே சென்ற மாதம் இணையத்தில், மேடை ஒலியைக் காதுக்குள்ளேயே கேட்கச் செருகிக்கொள்ளும் இயர் மானிட்டர் ஒன்றை மலிவான விலையில் வாங்கி, இடுப்பில் செருகும் சிறிய ஆம்ப் வழியாக மிக்ஸரோடு இணைத்து, மூன்று கச்சேரிகளில் அணிந்து பார்த்தேன். உடன் வந்த, காதுத்துளைக்குள் செல்லும் முனையுறையான ரப்பர் டிப்களில் நடுத்தரத்தைப் போட்டால் மூன்றாவது பாட்டுக்குள் இடக்காதில் இருப்பது நழுவி வந்துவிடுகிறது. பெரிய டிப்பைப் போட்டால் நழுவுவதில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் காதுத்துளையின் வாயிலில் கன்றிப்போனது போல வலிக்கத் தொடங்குகிறது. இவ்வளவுக்கும் டிரம்ஸ் ஓசை பெரிதாகக் குறையவில்லை. இது போதாதென்று, குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுவது போல என் குரலே எனக்குள் முழங்குகிறது. ஆகாரத்தில் அவ்வளவாக இல்லை. ஈகாரமும் ஊகாரமும் கீழ் ஸ்தாயியில் வந்தால் தாங்க முடியவில்லை. கடைசிக் கச்சேரியில் பொறுமையிழந்து இடக்காதிலிருந்து கழற்றித் தோளில் தொங்கவிட்டு, ஒற்றைக் காதோடு பாடி முடித்தேன்.

பத்தாயிரம் ரூபாய் வரை என்னால் செலவிட முடியும். வெளி ஓசையை நன்றாகத் தடுப்பதாகவும், நான்கு மணி நேரம் அணிந்தாலும் காதை வருத்தாததாகவும் ஒன்றை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? அல்லது காதை அச்செடுத்துச் செய்து தருகிறார்களே, அதற்கே காசு சேர்க்கத் தொடங்கிவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தினப்பயணி:

நான் பாடகன் அல்லன். செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு நாள்தோறும் மின்சார ரயிலில் போய்வருபவன். ஓசையை ரத்து செய்யும் புளூடூத் இயர்பட்ஸ் வாங்கியதிலிருந்து ரயிலின் இரைச்சல் பாதிக்கு மேல் காணாமல் போய்விட்டது. காதில் இருப்பதே தெரியாத அளவுக்கு இலேசாகவும் இருக்கிறது. உங்கள் வரம்புக்குள் அப்படிப்பட்டவை நிறையக் கிடைக்கின்றனவே, அதைப் பயன்படுத்தலாமே?

மிக்ஸர்மேசை:

சகோதரிக்கு வணக்கம். கோவையில் இருபது ஆண்டுகளாக மேடை ஒலி அமைப்புப் பணியில் இருக்கிறேன்.

முதலில், மேலே நண்பர் நல்லெண்ணத்தோடு சொன்ன வழி ரயிலுக்குப் பொருந்தும், மேடைக்குப் பொருந்தாது. புளூடூத்தில் ஒலி காதுக்கு வந்து சேர 200 மில்லி விநாடி வரை தாமதம் ஆகலாம். ஒலி காற்றில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஆகவே அந்தத் தாமதத்தோடு பாடுவது, தெப்பக்குளத்தின் அக்கரையில் 68 மீட்டர் தள்ளி வாசிக்கும் டிரம்ஸுக்கு இக்கரையிலிருந்து தாளம் பிடிப்பதற்குச் சமம். இன்னொன்று, மின்னணு முறையில் ஓசையை ரத்து செய்வது ரயில், விமானம், மின்விசிறி போன்றவற்றின் ஒரே சீரான தாழ்ந்த இரைச்சலைத்தான் நன்றாகக் குறைக்கும். டிரம்ஸின் ஸ்நேர் அடியும் சிம்பலும் திடீர் திடீரென்று வெடிப்பவை. அவற்றைத் தடுக்கக் காதுத்துளையை முழுமையாக அடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. உங்கள் இடுப்பு ஆம்பையும் கம்பியையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன குறைகளில் பெரும்பகுதிக்கு மானிட்டரைவிட டிப்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கைப்பேசித் தம்புராவில் இருப்பதிலேயே தாழ்ந்த சுருதியை வைத்துக்கொண்டு, மானிட்டரை அணிந்து, விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது மந்தர ஸ்வரம் திடீரென்று கனத்து, விட்டதும் மெலிந்து போனால், அந்தக் காதில் அடைப்பு முழுமையாக இல்லை. அடைப்பில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் உள்ளே ஒலிக்கும் தாழ்ந்த ஸ்வரங்கள் வெளியே கசியும், டிரம்ஸ் ஓசை உள்ளே புகும். இரண்டு காதையும் தனித்தனியாகச் சோதியுங்கள். நம்மில் பலருக்கு இரண்டு காதுத்துளைகளும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால், இடக்காதுக்கு ஓர் அளவும் வலக்காதுக்கு வேறோர் அளவும் போடுவதில் தவறே இல்லை. பெட்டியில் ஜோடியாக வருகிறது என்பதற்காக நாமும் ஜோடியாகத்தான் போட வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை.

ரப்பர் டிப் நழுவுகிறவர்கள் ஃபோம் டிப்பை முயன்று பார்க்க வேண்டும். அதை விரலிடுக்கில் வைத்து, பீடி சுற்றுவது போல ஒல்லியாக உருட்டிக்கொள்ள வேண்டும். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தால் காதுத்துளை நேராகும். அந்த நேரத்தில் உள்ளே செலுத்தி, அரை நிமிடம் விரலை எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும். இந்த அரை நிமிடத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மேடைக்கு ஏறும் அவசரத்தில் அப்படியே சொருகினால் ஃபோம் வாயிலிலேயே விரிந்து வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும், பிறகு ஃபோம் சரியில்லை என்று சொல்வார்கள். இரண்டு, மூன்று அடுக்கு கொண்ட ரப்பர் டிப்களும் நன்றாக அடைக்கும். ஆனால் அவை ஆழமாகச் செல்பவை என்பதால் பழகச் சில நாட்கள் ஆகும். சிலருக்குப் பழகுவதே இல்லை.

இனி மானிட்டர் பற்றி. விலை மலிவான பலவற்றின் ஓட்டில் ஊசித்துளை போன்ற காற்றுவழி இருக்கும். உள்ளே ஒலியெழுப்பும் டைனமிக் டிரைவரின் சவ்வு முன்னும் பின்னும் அசைவதற்காகவும், காதுக்குள் காற்றழுத்தம் சேராமல் இருப்பதற்காகவும் அதை வைக்கிறார்கள். வீட்டில் பாட்டுக் கேட்பவருக்கு அது நல்லது. டிரம்ஸ் பக்கத்தில் நிற்பவருக்கு அது திறந்த சன்னல். பேலன்ஸ்டு ஆர்மச்சூர் என்ற வேறு வகை டிரைவருக்கு அத்தகைய துளை பொதுவாகத் தேவைப்படுவதில்லை என்பதால் அவற்றின் ஓடு பெரும்பாலும் முழுக்க மூடியிருக்கும். ஒலி வெளிவரும் மூக்குக்குழல் தடித்திருந்தால் எவ்வளவு சிறிய டிப் போட்டாலும் அது சிறிய காதுக்குள் இறங்காது. விளம்பரப் படத்தில் நான் முதலில் பார்ப்பது அந்தக் குழலைத்தான். ஓட்டின் பருமனை அடுத்துப் பார்ப்பேன். எட்டு டிரைவர், பத்து டிரைவர் என்று பெருமையாக எழுதியிருப்பவை காதுக்குழியில் உட்காராமல் பிதுங்கி நின்று மடலை உரசும்.

மேடைக்காரர்கள் நெடுங்காலமாக நம்பிப் பயன்படுத்துவதில் ஷுர் எஸ்.ஈ. 215 ஒன்று. ஒல்லியான குழல், குழிக்குள் தட்டையாகப் படியும் ஓடு, கழற்றி மாற்றக்கூடிய கம்பி. தடுப்பு 37 டெசிபல் வரை என்று நிறுவனம் கூறுகிறது. இன்னொன்று எட்டிமோட்டிக் நிறுவனத்தின் ஈ.ஆர். வரிசை. 1991இல் வந்த ஈ.ஆர். 4 முதல் இன்றுவரை மூன்றடுக்கு டிப்போடு ஆழமாகச் செல்லும் அதே வடிவந்தான். 35 முதல் 42 டெசிபல் என்கிறார்கள். ஆழம் பிடித்தவருக்கு இரண்டாவதை மிஞ்சியது கிடையாது, பிடிக்காதவருக்கு அது சித்திரவதை. இந்த எண்கள் எல்லாம் டிப் கச்சிதமாகப் பொருந்தியபோது கிடைப்பவை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மேடையில் 25 கிடைத்தாலே நான் மகிழ்ச்சியடைவேன். டிரம்ஸ் உங்கள் காதருகே 100 டெசிபலை எளிதாகத் தொடும். 25 குறைந்தால் 75 ஆகிவிடும். அதற்கு மேல் உங்கள் குரலை 82, 83இல் வைத்தாலே தெளிவாகக் கேட்கும்.

தடுப்பைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் அந்தக் கணக்குதான். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நயோஷ் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைத்து, 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரத்தைப் பாதியாக்குகிறது. 88இல் 4 மணி நேரம், 94இல் 1 மணி நேரம், 100இல் 15 நிமிடம். உங்கள் கொடைக் கச்சேரி 4 மணி நேரம். ஒரு காதைக் கழற்றிவிட்டுப் பாடுவதை இனிச் செய்ய வேண்டாம்; திறந்த காது முழு ஓசையையும் வாங்கும், அடைத்த காதிலோ போதவில்லை என்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். கூட்டத்தின் கைதட்டலும் கேட்கவில்லையே என்று தோன்றினால், மேடை விளிம்பில் மக்களை நோக்கி ஒரு மைக் வைத்து, அதை உங்கள் மானிட்டருக்கு மட்டும் கொஞ்சமாகத் தரச் சொல்லுங்கள். மானிட்டருக்குச் செல்லும் வழியில், ஒலி ஒரு வரம்பைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் போடச் சொல்வதையும் மறக்க வேண்டாம். யாராவது மைக்கைக் கீழே போட்டால் அந்த அடி நேராக உங்கள் செவிப்பறையில்தான் விழும்.

செவிவார்ப்பு:

காதுகேள் கருவி மையம் ஒன்றில் காது அச்செடுக்கும் பணியில் இருக்கிறேன். பாடகர்களும் அவ்வப்போது வருவதுண்டு. அண்ணன் சொன்னதோடு காதின் அமைப்பைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

காதுத்துளை வாயிலிலிருந்து செவிப்பறை வரை ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமும் இரண்டு வளைவுகளும் கொண்டது. வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பால் ஆனது, கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். உள்ளே மீதிப் பகுதி எலும்பு. அதன் மேல் உள்ள தோல் மிக மெல்லியது, அழுத்தத்தைப் பொறுக்காது. உங்களுக்கு வாயிலிலேயே வலிப்பதால் டிப் பெரிதாக இருப்பதாகவோ, ஓட்டின் விளிம்பு குழியின் மேட்டில் இடிப்பதாகவோ கொள்ளலாம். கழற்றியபின் எந்த இடம் சிவந்திருக்கிறது என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். துளையின் வாய் வட்டமாகச் சிவந்திருந்தால் டிப்பை மாற்றினால் போதும். மடலின் உட்குழியில் ஒரு புள்ளி மட்டும் சிவந்திருந்தால் அந்த மானிட்டரின் வடிவமே உங்கள் காதுக்கு ஒத்துவரவில்லை. டிப்பை எத்தனை முறை மாற்றினாலும் அந்த வலி போகாது.

குடத்துக்குள் பாடுவது போன்ற முழக்கத்தை நீங்கள் மிக நுட்பமாகக் கவனித்திருக்கிறீர்கள். பாடும்போது குரலின் அதிர்வு தாடை எலும்பு, மண்டையோடு வழியாகக் காதுத்துளையின் குருத்தெலும்புச் சுவரையும் அதிரச் செய்கிறது. துளை திறந்திருந்தால் அந்த ஒலி வெளியே போய்விடும். வாயிலை மட்டும் அடைத்தால் போக வழியின்றி உள்ளேயே சேர்ந்து, தாழ்ந்த ஒலிகளை 20 டெசிபல் வரை கூட்டிக் காட்டிவிடும். ஈகாரத்துக்கும் ஊகாரத்துக்கும் வாய் குறுகி மூடுவதால் வாய்க்குள் அழுத்தம் மிகுந்து அதிர்வு கூடுகிறது. ஆகாரத்தில் வாய் திறந்திருப்பதால் குறைகிறது. டிப் ஆழமாகச் சென்று எலும்புப் பகுதியை ஒட்டி அடைத்தால், அதிரும் சுவரில் பெரும்பகுதி டிப்புக்கு வெளிப்புறம் ஆகிவிடுவதால் முழக்கம் தெளிவாகக் குறையும். ஆகவே வாயிலில் பெரிய டிப்பை வைத்து அடைப்பதைவிட, சற்றுச் சிறிய டிப்பை உள்ளே தள்ளி அடைப்பதே உங்களுக்கு நல்லது. வலி, முழக்கம் இரண்டும் சேர்ந்தே தணியும்.

நழுவுவதற்கும் பாட்டுதான் காரணம். தாடை மூட்டு காதுத்துளைக்கு நேர் முன்னால் இருக்கிறது. வாயைத் திறக்கும்போது மூட்டு நகர்ந்து துளையின் வடிவம் மாறுகிறது. கேட்பவருக்குப் பொருந்தும் டிப் பாடுபவருக்கு நழுவுவது இதனால்தான். புதிய டிப்பைச் சோதிக்கும்போது சும்மா உட்கார்ந்து கேட்காமல், வாயை அகலத் திறந்து நான்கு வரி பாடிப் பாருங்கள்.

அச்செடுத்துச் செய்வது பற்றிக் கேட்டீர்கள்; 1995இல் ஜெர்ரி ஹார்வி டிரம்ஸ் கலைஞர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகச் செய்ததிலிருந்து மேடைகளில் பரவிய முறை அது. முதலில் காதில் குறும்பி இருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு நூல் கட்டிய சிறு பஞ்சு உருண்டையை இரண்டாம் வளைவுக்கு அப்பால் வைத்து, சிலிக்கோன் கலவையைச் செலுத்தி, அது இறுகும் வரை பொறுத்திருந்து எடுப்போம். பாடகர் என்றால் பற்களுக்கிடையே ஒரு கட்டையைக் கடிக்கக் கொடுத்து, வாய் திறந்த நிலையில்தான் அச்செடுக்க வேண்டும். இதைக் கேட்காமலே அச்செடுக்க ஆரம்பிக்கும் இடத்தில் நீங்கள் பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

ஆனால் தடுப்புக்காக மட்டும் அதற்குப் போகிறீர்கள் என்றால் சற்று யோசியுங்கள். கடினமான அக்ரிலிக் ஓட்டில் செய்யப்படும் மானிட்டர்களுக்கு அல்டிமேட் இயர்ஸ் நிறுவனமே கூறும் அளவு 26 டெசிபல்தான். நன்றாகப் பொருந்திய ஃபோம் டிப் அதற்குக் குறைந்ததில்லை. அச்செடுத்ததன் உண்மையான ஆதாயம் ஒரு புள்ளியில் அழுத்தாமல் காது முழுவதும் பரவி உட்காருவதிலும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிப் பொருந்துவதிலும் இருக்கிறது. மாதத்தில் பதினைந்து கச்சேரி பாடுபவருக்கு அது பெரிய விஷயம். முதலில் டிப்பில் செலவிடுங்கள். வலி கச்சேரி முடிந்த மறுநாளும் நீடித்தாலோ, அரிப்போ நீர் வடிதலோ இருந்தாலோ, எந்த மானிட்டரையும் அணியாமல் காது மருத்துவரைப் பாருங்கள்.

மாட்டல்காரி:

நானும் பாடகிதான், தஞ்சாவூர்ப் பக்கம். ஆண்கள் யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன். இந்த மேடை மானிட்டர்களில் பெரும்பாலானவற்றின் கம்பி காதுமடலைச் சுற்றிப் பின்புறமாக இறங்கும். ஜிமிக்கிக்கு மாட்டல் போட்டிருந்தால் இரண்டும் ஒரே வழியில் போகும். தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் மாட்டல் சங்கிலி கம்பியில் தட்டும் ஓசை காதுக்குள் சுத்தியலால் அடிப்பது போலக் கேட்கும். ஒருமுறை மாட்டல் கொக்கி கம்பியை இழுத்து, பாட்டின் நடுவில் மானிட்டரே வெளியே வந்துவிட்டது. இப்போது முதலில் மானிட்டரை அணிந்து, கம்பியைப் பின்கழுத்தில் ரவிக்கையோடு ஒரு கிளிப்பால் பிடித்துவிட்டு, அதன்மேல்தான் பூவும் நகையும் வைக்கிறேன். கச்சேரி நாளில் மாட்டலைத் தவிர்த்து இலேசான தோடு போட்டால் இன்னும் நல்லது. எட்டிமோட்டிக் வகையை மடலைச் சுற்றாமல் நேராகத் தொங்கவிடலாம். அப்படி அணிந்தால் கம்பி உரசும் ஓசை கூடுதலாகக் கேட்கும், கிளிப் கட்டாயம் வேண்டும்.

நெல்லைக்குரல்:

பதில் சொன்ன எல்லாருக்கும் மிக்க நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

தம்புரா சோதனையைச் செய்தேன். வலக்காது சரியாக இருந்தது. இடக்காதில் அழுத்தியதும் மந்தர சட்ஜம் வேறு தம்புரா போலக் கனத்தது. மூன்று அளவு ஃபோம் டிப்களும் இரண்டடுக்கு ரப்பர் டிப்களும் வாங்கினேன். இப்போது இடக்காதில் நடுத்தர ஃபோம், வலக்காதில் சிறிய இரண்டடுக்கு ரப்பர். பழைய மானிட்டரிலேயே இந்த மாற்றத்தோடு பாடியபோது டிரம்ஸ் அடுத்த தெருவுக்குப் போனது போல இருந்தது என்றால் மிகை. பந்தலுக்கு வெளியே போனது என்று சொல்லலாம். எங்கள் மிக்ஸர்க்காரத் தம்பியிடம் சொல்லி வழக்கத்தைவிட ஒலியைக் குறைக்க வைத்தேன். ஆனால் அந்த மானிட்டரின் ஓடு என் உட்குழியில் இடித்து ஒரு புள்ளி சிவந்தது உண்மைதான், அதனால் எஸ்.ஈ. 215 வாங்கிவிட்டேன். அதில் அந்த இடிப்பு இல்லை. டிரம்ஸும் இன்னும் ஒரு படி அடங்கியிருக்கிறது.

ஈகார முழக்கம் குறைந்திருக்கிறது, முழுவதும் போகவில்லை. வேர்வையில் இடப்பக்க ஃபோம் ஊறி, இரண்டு மணி நேரத்தில் கெட்டியாகிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் ஏதேனும் வழி உண்டா?

மிக்ஸர்மேசை:

முழக்கத்துக்கு: உங்கள் மைக்கை மிக்ஸரில் இரண்டு சேனலாகப் பிரித்து, ஒன்றை மக்களுக்கும் மற்றொன்றை உங்கள் காதுக்கும் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். காதுக்குப் போவதில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துவிட்டால் போதும். தாழ்ந்த ஒலியை உங்கள் எலும்பே கொடுத்துவிடுகிறது, மிக்ஸரும் சேர்த்துக் கொடுக்கத் தேவையில்லை. கொஞ்சம் ரிவெர்ப் (எதிரொலி போன்ற முழக்கம்) சேர்த்தால் அடைத்த உணர்வும் தளரும்.

ஃபோமுக்கு: இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு இடைவேளையில் மாற்றிவிடுங்கள். கழற்றியதை உலர்ந்த துணியில் ஒற்றி எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட சிறு டப்பியில் வையுங்கள். ரப்பர் டிப்பைக் கழற்றி இலேசான சோப்பு நீரில் கழுவலாம்; ஃபோமைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அழுத்திவிட்டால் பழைய உருவத்துக்கு மெதுவாக வரும் ஃபோம் நல்ல ஃபோம். அழுத்தியபடியே நின்றுவிட்டாலோ, சட்டென்று துள்ளி எழுந்தாலோ அதன் ஆயுள் முடிந்துவிட்டது. உங்கள் கச்சேரிக் கணக்குக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு ஜோடி ஆகும்.